கத்தியும் காரணமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பூன் லே சந்தையில் வாங்கி வந்த பப்பாளிப் பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தேன். என் தமக்கையின் மகன் எதிரே வந்து உட்கார்ந்தான். இருபத்துமூன்று வயது வாலிபன். ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். ஜூரோங்கில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறான். கைபேசியை என் முன் நீட்டி, "மாமா, இந்த மூன்றில் எது உசத்தி என்று பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் பட்டறையில் வேலை பார்த்தவர்; இரும்பின் குணம் உங்களுக்குத் தெரியும்" என்றான்.

பார்த்தேன். மூன்றும் பட்டன் கத்திகள். பிடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே மடங்கிக் கிடக்கும் அலகு தானே துள்ளி வெளிவரும் கத்திகள். ஒன்றுக்குக் கறுப்புப் பிடி. ஒன்றுக்கு மரப் பிடி. ஒன்றின் அலகு பிடியின் நுனி வழியாகவே பாய்ந்து வரும். எல்லாம் கடல் கடந்த ஏதோ ஓர் ஊரிலிருந்து தபாலில் வரக்கூடியவை.

பழம் நறுக்கிய கத்தியைக் கீழே வைத்தேன். எனக்கு அந்தக் கறுப்புப் பிடிக் கத்தியோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. அதைப் பின்னர் சொல்லுகிறேன். பையன் கேட்டதோ நல்ல கத்தி எது என்ற கேள்வி. கேட்ட கேள்விக்கு முதலில் விடை சொல்லுவதுதான் முறை. உபதேசத்தை முன்னே வைத்தால் வாலிபர் காது கொடுக்கமாட்டார்கள்.

"உனக்கு எதற்காக வேண்டும்?" என்றேன்.

"கிடங்கில் பெட்டி பிரிக்கவேண்டும், மாமா. நாளெல்லாம் அட்டைப் பெட்டிகள், பிளாஸ்டிக் வார்கள், நைலான் கயிறுகள். ஒரு கையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கத்தியைத் திறப்பது கஷ்டம். இது ஒரே கையால் திறக்கும்."

காரணம் பொய்யில்லை. ஆகவே அதன்படியே ஆராய்வோம் என்று தொடங்கினேன்.

மடக்குக் கத்திகளில் நான்கு வகை உண்டு. முதலாவது, நம் தாத்தாக்கள் வேட்டி மடிப்பில் வைத்திருந்த பேனாக் கத்தி. நகத்தால் இழுத்துத் திறப்பது. இரண்டாவது, அலகின் மேலுள்ள குமிழைக் கட்டைவிரலால் தள்ளித் திறப்பது. திறந்தபின் உள்ளேயுள்ள தாழ் அலகைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவதில், அலகை நாம் சிறிது தள்ளினால் போதும். மிச்ச வேலையை உள்ளேயிருக்கும் சுருள்வில் செய்துவிடும். நான்காவதுதான் பட்டன் கத்தி. இதில் வில் எப்பொழுதும் இறுகியே நிற்கிறது. அலகு வெளியே வரத் துடித்துக்கொண்டே இருக்கிறது. பொத்தான் செய்வதெல்லாம், அதைத் தடுத்து நிறுத்தியிருக்கும் தாழை விலக்குவது ஒன்றே.

பட்டறைக்காரன் கண்ணுக்கு இதில் மூன்று குறைகள் தெரிகின்றன. எந்தக் கருவியிலும் உறுப்புகள் கூடக்கூடக் கோளாறுகளும் கூடும். அட்டைப் பெட்டியின் தூளும் சட்டைப்பையின் பஞ்சும் உள்ளே புகுந்தால் அலகு பாதி வழியில் நின்றுவிடும். இது முதற்குறை. வில் தளர்ந்தால் அலகு முழுதும் திறந்து தாழில் விழாமல் தொங்கும்; அந்நிலையில் அழுத்தி அறுத்தால் அது விரல்மேல் மடங்கும். இது இரண்டாவது. பையில் கிடக்கும்பொழுது பொத்தான் எதிலேனும் பட்டு அழுந்தினால், கத்தி தொடையிலே திறந்துகொள்ளும். இது மூன்றாவது. காவல் தாழ் வைத்துச் செய்த உயர்ந்த கத்திகள் இல்லாமற் போகவில்லை. ஆனால் அவற்றின் விலை இவன் ஒரு வாரச் சம்பளத்தை விழுங்கும். மலிவானவற்றில் பளபளப்புத்தான் எஃகு, சத்தந்தான் வேலைப்பாடு.

"அட்டை அறுப்பதற்கு அலகு நீளம் தேவையில்லை, கூர்மை தேவை. மழுங்கிய அலகை மாற்றும் வசதி தேவை. கையை விட்டதும் தானே உள்ளே போய்விடும் அலகு தேவை. இந்த மூன்று குணமும் உள்ள கத்தி உன் கிடங்கிலேயே கொடுப்பார்களே! சில வெள்ளிகளே விலை. அதையும் ஒரே கையால் திறக்கலாம்" என்றேன்.

பையன் மௌனமாக இருந்தான். பிறகு சிரித்துக்கொண்டு, "அது அழகாக இல்லையே, மாமா" என்றான்.

நேயர்களே! உண்மை அங்கேதான் வெளியே வந்தது. பெட்டி பிரிப்பது அவன் சொன்ன காரணம். அழகு அவன் மனத்திலிருந்த காரணம். அதற்கும் அடியில் அவனே அறியாத காரணம் ஒன்று இருக்கிறது. பட்டன் கத்தி வாலிபனுக்கு விற்பது ஒரு சத்தத்தை. "டக்" என்ற அந்தச் சத்தம் கேட்டதும் எதிரே நிற்பவன் ஓர் அடி பின்வாங்குவான் என்ற நினைப்பை. அந்த வில் மிச்சப்படுத்திக் கொடுப்பது அரை விநாடி. கயிறு அறுப்பவனுக்கும் பழம் நறுக்குபவனுக்கும் அந்த அரை விநாடியால் ஆகப்போவது யாது? அரை விநாடி முந்துவதில் லாபமுள்ள தொழில் உலகத்தில் ஒன்றுதான் உண்டு, அது சண்டை.

கத்தியை நான் வெறுப்பவனல்லன். கத்தியினால் வளர்ந்த உடம்பு இது. என் தாயார் ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பால் வெட்டுக் கத்தியும் வாளியுமாகப் புறப்படுவார். அந்தக் கத்தியின் வேலையைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: பட்டையை ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவவேண்டும். கொஞ்சம் மேலே போனால் பால் வடியாது. கொஞ்சம் ஆழம் போனால் உள்மரம் காயப்பட்டு, அவ்விடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் இம்முறையை 1890-களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் பரிசோதித்து, மலாயா முழுதும் பரவச் செய்தவர் ஹென்றி ரிட்லி. நான் இன்று குடியிருக்கும் பூன் லேயும் தோட்டக்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கிய ஊரே. 1933-ம் வருஷம் காலமான சியூ பூன் லே என்னும் சீன வியாபாரிக்கு இந்த ஜூரோங் பகுதியில் ரப்பர்த் தோட்டம் இருந்தது. இப்பொழுது அடுக்கு வீடுகளும் ஆலைகளும் நிற்கும் மண்ணில் ஒரு காலத்தில் பால் வெட்டுக் கத்திகள் நடமாடின.

என் தாயார் அந்தக் கத்தியோடு நாள்தோறும் பொதுச் சாலையில் நடந்தார். கூர்மையில் அது எந்தப் பட்டன் கத்திக்கும் தோற்றதன்று. ஆயினும் யாரும் அவரை நிறுத்தி, "இது எதற்கு?" என்று கேட்டதில்லை. கேட்கவேண்டிய அவசியமே இல்லை. தலையிலிருந்த விளக்கும் கையிலிருந்த வாளியும் பதில் சொல்லிவிட்டன. வீட்டிலே இருந்த அரிவாள்மணையும் அப்படித்தான். அதில் கத்தி அசையாது, காய்தான் அசையும். அது யாரையும் துரத்திப்போகாத கத்தி. ஆயுதபூஜையன்று இந்த இரண்டுக்கும் அம்மா பொட்டு வைப்பார். பூஜையைப்பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. ஆனால் சோறு போட்ட கருவியை நினைத்துப் பார்ப்பது நல்ல குணமே.

இனி, என் பழைய கணக்கு.

1990-ம் வருஷம். ஜூலை மாதத்தில்தான் பூன் லேக்கு எம்.ஆர்.டி. ரயில் வந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு பட்டறையில் வேலை. சம்பளம் கையில் புரண்ட புதிது. எல்லைக்கு அப்பால் ஓர் ஊர் இரவுச் சந்தையில், கறுப்புப் பிடியும் பித்தளைப் பொத்தானும் உள்ள கத்தி ஒன்றை வாங்கினேன். அதனால் ஒரு பழமும் நறுக்கவில்லை. ஒரு கயிறும் அறுக்கவில்லை. இரவில் மாடிப்படியில் உட்கார்ந்து, அழுத்துவதும் மடக்குவதுமாகப் பொழுது போக்குவேன். நண்பர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்த நேரங்களில் என் மார்பு இரண்டு அங்குலம் விரிந்திருந்ததென்றே சொல்லவேண்டும்.

என்னோடு வேலை செய்த ஒருவன் இருந்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன். ஜொகூர்த் தோட்டத்திலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்தவன். அவன் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து அங்கே ஐந்து உயிர்கள் இருந்தன. அவன் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஒருநாள் தேநீர்க் கடையில் யாரோ சில பையன்களுக்கும் அவனுக்கும் வாய்ச்சண்டை. "நாளைக்கு வா, பார்த்துக்கொள்ளுகிறோம்" என்று அவர்கள் சொல்லிப் போனார்களாம். மறுநாள் என்னிடம் வந்து, "அண்ணே, அந்தக் கத்தியை இரண்டு நாள் கொடுங்கள். திறக்கமாட்டேன், சும்மா தைரியத்துக்கு" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கத்தி ஒருவனுக்குத் தைரியம் கொடுக்கிறதல்லவா! எடுத்துக் கொடுத்தேன்.

அன்றிரவே பஸ் நிலையத்தருகே ரோந்து வந்த போலீஸார் அவனை நிறுத்தினார்கள். பையில் கத்தி இருந்தது. அவன் அதைத் திறக்கவில்லை, யாரையும் மிரட்டவில்லை, அந்தப் பையன்களும் அங்கே வரவில்லை. "இது எதற்கு?" என்று கேட்டார்கள். "பாதுகாப்புக்கு" என்றான். தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்து அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்கு எதிராக நின்றது. கத்தியைக் கத்தியாகவே, மனிதன்மேல் பிரயோகிக்கும் நோக்கத்தோடு வைத்திருந்தேன் என்பதற்கு அதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேறு என்ன இருக்கிறது?

சிறை, அதன்மேல் பிரம்படி, தண்டனை முடிந்ததும் ஊருக்கு அனுப்பப்பட்டான். கத்தி யாருடையது என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் தண்டனை குறைந்திருக்குமோ, இருவரும் அகப்பட்டிருப்போமோ, அறியேன். குறையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ளுவது சௌகரியமாக இருந்தது.

சட்டம் என்ன சொல்லுகிறதென்று நான் விசாரித்து அறிந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் என்பது இதுவே. அதனாலேயே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வாசிப்பவர்களில் ஒருவராவது முன்னதாகத் தெரிந்துகொள்ளட்டும்.

சிங்கப்பூரில் இந்த விஷயத்துக்கு மூலமான சட்டம் 1958-ம் வருஷத்தில் பிறந்தது. எரிதிராவகம், வெடிபொருள், தாக்குவதற்குரிய ஆயுதம் ஆகிய மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டிய சட்டம் அது. இரகசியச் சங்கங்களின் சண்டைகளும் முகத்தில் திராவகம் வீசும் கொடுமையும் மக்களை நடுங்கவைத்த காலம். அந்தச் சட்டம் ஆயுதம் என்பதற்குக் கொடுக்கும் பொருளைக் கவனிக்கவேண்டும்: தாக்குவதற்குப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் அதில் அடங்கும். பொத்தான் உண்டா, இல்லையா, எத்தனை அங்குலம் என்ற கணக்குக்கே இடமில்லாத விசாலமான பொருள் இது. அடுப்பங்கரைக் கத்தியும், திருப்புளியும், பால் வெட்டுக் கத்தியும்கூட அதற்குள் வரும். அப்படியானால் எல்லோரும் குற்றவாளிகளா? அல்லர். சட்டபூர்வமான அதிகாரமோ நோக்கமோ இன்றிப் பொதுவிடத்தில் அதை வைத்திருப்பதே குற்றம். ஆகவே சட்டம் உற்றுப் பார்ப்பது வைத்திருப்பவனுடைய காரணத்தை. குற்றம் நிரூபணமானால் மூன்று வருஷம் வரையில் சிறை. பிரம்படி ஆறுக்குக் குறையாது. பெண்களுக்கும் ஐம்பது வயது கடந்தவர்களுக்கும் பிரம்படி இல்லை. வாலிபனுக்குத்தான் அந்தத் தழும்பு.

பாலத்துக்கு அப்பால் போகிறவர்கள் இன்னொன்றையும் அறியவேண்டும். மலேசியாவிலும் இதே பெயருள்ள சட்டம் 1958 முதல் உண்டு. அங்கே பொதுவிடத்தில் ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்கு ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் பத்து வருஷம் வரையில் சிறையும் பிரம்படியும் விதிக்கப்பட்டிருக்கின்றன. காலையில் ஜொகூரிலிருந்து வந்து மாலையில் திரும்பும் நம் தோட்டத்துப் பிள்ளைகள், ஒரே நாளில் இரண்டு சட்டங்களுக்குள் இரண்டு முறை நடக்கிறார்கள். ஒரு பக்கத்துச் சந்தையில் கிடைக்கிறதென்பதனால் மறு பக்கத்தில் அது செல்லும் என்று நினைத்துவிடலாகாது.

தபாலில் வரவழைப்பதும் அப்படியே. பணம் கட்டினால் எதுவும் வாசலுக்கு வரும் என்பது இக்காலத்து மயக்கம். விற்பவன் வேறு நாட்டில் இருக்கிறான். பிடிபடுபவன் இங்கே இருக்கிறான். ஆயுதங்களை நாட்டுக்குள் கொண்டுவருவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இங்கே 1913 முதலே இருந்தது. அதனிடத்தில் வைப்பதற்காகத் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்ற புதியதொன்றை நாடாளுமன்றம் 2021-ல் நிறைவேற்றியது. சந்தேகமுள்ள பொருளை வாங்குவதற்கு முன்பே போலீஸ் உரிமப் பிரிவைக் கேட்டுவிடுவது புத்தி. வாங்கியபின் கேட்பது வாக்குமூலமாகிவிடும்.

அந்த 2021-ம் வருஷத்தையே பூன் லேவாசிகள் வேறொரு காரணத்துக்காக மறக்கமாட்டார்கள். ஜூலை மாதம் 19-ந் தேதி, பூன் லே அவென்யூவிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் பதினாறு வயது மாணவன் ஒருவன் பதின்மூன்று வயதுச் சிறுவனைக் கோடரியால் கொன்றுவிட்டான். மனநோய் அவனைப் பற்றியிருந்தது. கோடரி இணையத்தில் வாங்கப்பட்டது. அன்று மாலை எங்கள் புளோக்கின் கீழே தாய்மார்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பேச்சின்றி நின்றதைப் பார்த்தேன். இந்தத் துயரத்தை நான் என் வாதத்துக்குச் சாட்சியாக இழுக்கவில்லை. நோயுற்ற பிள்ளையின் கதை வேறு; வீம்புக்கு வாங்கும் வாலிபனின் கதை வேறு. ஆனால், வீட்டுக்கு வரும் சிறு பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று பெரியவர்கள் கேட்கவேண்டும் என்பதை அன்றுமுதல் இந்த ஊர் அறிந்திருக்கிறது.

பிற தேசங்கள் பட்டன் கத்தியை எப்படி நடத்துகின்றன என்று பார்த்தால், சட்டம் என்பது எவ்வளவு தடுமாறித் தடுமாறிக் காரணத்தைத் தேடுகிறதென்பது விளங்கும். இங்கிலாந்து 1959-ல் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் தடுத்தது. 2021 ஜூலை முதல் வீட்டுக்குள் வைத்திருப்பதுகூட அங்கே குற்றம். இந்தியாவில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் விதிகள் அளவுகோலை எடுத்தன: ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகு ஆயுதமாகும், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவை விலக்கு. அந்த அளவுக்குள் பட்டன் கத்திகள் தப்பித்துக்கொண்டன. ஆகவே 1980-ல் டில்லி நிர்வாகம், "பட்டன்தார்" என்று அங்கே வழங்கும் கத்திகளுக்கென்றே 7.62 சென்டிமீட்டர் நீளம் என்று தனி அளவு வைத்து அறிவிக்கை வெளியிட்டது. உத்தரப் பிரதேசத்து ராம்பூரிலோ, சினிமாப் போக்கிரிகள் கையில் புகழ் பெற்ற அவ்வூர்க் கத்திக்கு 2023-ல் இருபது அடி உயரச் சின்னமே நாட்டினார்கள். கத்தி செய்யும் கைவினைஞரின் பிழைப்பு ஒரு பக்கம். கத்தியால் கெட்ட பெயர் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே அது நாற்சந்தியில் நிற்கிறது.

எல்லாவற்றிலும் என் மனத்தைத் தொட்டது அமெரிக்கச் சட்டத்தின் ஒரு சிறு வரிதான். அந்நாட்டு மத்திய சர்க்காரும் 1958-ம் வருஷத்தில்தான் பட்டன் கத்தியை மாகாணத்துக்கு மாகாணம் வியாபாரம் செய்வதைத் தடுத்தது. அந்தச் சட்டத்தில் விதிவிலக்கு ஒன்று இருக்கிறது: ஒரு கை மட்டுமே உள்ள மனிதன், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள பட்டன் கத்தியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம்.

இதை முதன்முதலில் அறிந்தபொழுது வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுருள்வில் யாருக்கு உரியதென்று இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர் வேறு யார்? இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கப் பாராசூட் வீரர்களுக்குப் பட்டன் கத்தி கொடுத்தார்கள். மரத்தில் சிக்கித் தொங்கும்பொழுது ஒரு கையால் கயிற்றை அறுத்துக்கொண்டு தப்புவதற்காக. அவனுக்கு அந்த அரை விநாடி உயிர். கையிழந்தவனுக்கு அந்த வில் இழந்த கைக்குப் பதில் கை. இரண்டு கையும் முழுசாயிருந்து, மாடிப்படியில் உட்கார்ந்து அழுத்தி அழுத்திப் பார்த்த எனக்கு அது என்ன? பேடித்தனத்துக்கு ஓர் உறை, அவ்வளவே. தைரியம் இருப்பவனுக்குக் கத்தி வேண்டியதில்லை. இல்லாதவனுக்கு அது தைரியம் தருவதுமில்லை. என் நண்பன் இரவல் கேட்டது தைரியத்தை. நான் இரவல் கொடுத்தது தண்டனையை.

ஏழு வருஷம் கழித்து அவனைப் பார்க்கப் போனேன். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை வைத்திருந்தார்கள். குலை வெட்டும் நீண்ட கம்பு அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். என்னைக் கண்டதும் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடி மறைந்தது. பிறகு வீட்டுக்கு அழைத்துப்போய், பாராங்கத்தியால் இளநீர் சீவிக் கொடுத்தான். நான் சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கத்தி உங்களுடையதுதான், அண்ணே. ஆனால் பையில் போட்டுக்கொண்டு போனது நான்" என்றான். அவன் என்னை மன்னித்தானா, கணக்கைச் சரியாகப் பிரித்து வைத்தானா என்பது இன்றும் எனக்குத் தெளிவாகவில்லை. அவனுடைய பங்கை அவன் செலுத்திவிட்டான். என் பங்கு பாக்கி நிற்கிறது.

இவ்வளவையும் அன்று மாலை என் மருமகனுக்குச் சொன்னேன். பப்பாளித் துண்டுகள் தட்டில் அப்படியே இருந்தன. அவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்திருந்தான். "அவர் உங்களைக் காட்டிக்கொடுக்கவே இல்லையா, மாமா?" என்று மட்டும் கேட்டான். "இல்லை" என்றேன். வேறொன்றும் பேசவில்லை. வாங்காதே என்று நான் அவனுக்கு உத்தரவிடவுமில்லை. உத்தரவுக்குக் கட்டுப்பட்டு விட்டவன், உத்தரவிட்டவன் இல்லாத இடத்தில் வாங்குவான். காரணத்தை அறிந்து விட்டவன் எங்கும் விட்டவனே.

நான்கு நாள் கழித்து வேலை விட்டு வந்தவன் மஞ்சள் நிறப் பெட்டிக் கத்தி ஒன்றை மேஜைமேல் வைத்தான். கிடங்கில் கொடுத்தார்களாம்; கையை விட்டதும் அலகு உள்ளே போய்விடுமாம். "நீங்கள் சொன்ன கத்தி இதுதானே, மாமா?" என்று சந்தோஷத்தோடு கேட்டான்.

"இதேதான், மிக நல்ல கத்தி. ஆனால் இதை ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தாய்? கிடங்கில் இது கருவி. இரவு பத்து மணிக்குப் பஸ் நிலையத்தில் உன் பையில் இருக்கும்பொழுது இது என்ன?" என்றேன்.

அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு, "நாளைக் காலையில் கொண்டுபோய் அங்கே என் பெட்டியில் பூட்டிவிடுகிறேன். இனி அங்கேயே இருக்கட்டும்" என்றான். பாடம் நான் சொன்னதற்கு மேலேயே அவனுக்கு விளங்கிவிட்டது.

வாலிப நண்பர்களே! கத்தி வாங்கப் போகிறீர்களானால் எஃகின் பெயரையும் பிடியின் அழகையும் விலையையும் பிற்பாடு பாருங்கள். முதலில் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எதை வெட்டப்போகிறேன்? எங்கே வைத்திருக்கப்போகிறேன்? வழியில் ஒருவர் நிறுத்தி, எதற்கு என்று கேட்டால், கூசாமல் சொல்ல என்னிடம் ஒரு வரி பதில் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை இருந்தால் எந்தக் கத்தி வேண்டும் என்பது தானே விளங்கிவிடும். அநேகமாக அது மலிவானதாகவும் இருக்கும். விடை இல்லையானால், அது எவ்வளவு உயர்ந்த கத்தியானாலும் உங்களுக்கு உரியதன்று. போலீஸாரும் நீதிபதியும் பின்னால் கேட்கப்போகும் கேள்வியை, வாங்குமுன் நாமே கேட்டுக்கொள்ளுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. அதைக் கேட்கத் தவறியதற்கு நான் கொடுத்த விலையை இங்கே எழுதிவிட்டேன். என் நண்பன் கொடுத்த விலையை எழுத எனக்கு உரிமையில்லை.